முதல்முறையாகப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு

போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமலே காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது. அதனால் வண்டி காணாமல் போனாலோ, யாராவது வீடு தேடி வந்து மிரட்டினாலோ, தெரிந்த வக்கீல் இருக்கிறாரா, கட்சிக்காரர் யாராவது கூட வருவாரா என்றுதான் முதலில் தேடுகிறோம். புகார் கொடுக்க இரண்டு பேருமே தேவையில்லை. தமிழ்நாட்டில் ஒரு சாதாரண ஆள் தனியாகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வரலாம். அங்கே என்ன நடக்கும், என்ன கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். ஸ்டேஷனிலிருந்து வெளியே வரும்போது உங்கள் கையில் ஓர் எண் இருக்க வேண்டும். மனுவை வாங்கியதற்கான ரசீதில் இருக்கும் சி.எஸ்.ஆர். எண், அல்லது வழக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆரின் குற்ற எண். "பார்த்துக்கிறோம், நீங்க போங்க" என்பது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத வாய்வார்த்தை. அடுத்த வாரம் போய்க் கேட்டால் அன்றைக்கு டூட்டியில் இருந்தவர் லீவில் இருப்பார், இருப்பவருக்கு உங்களை யாரென்றே தெரியாது.

கிளம்புவதற்கு முன்

சம்பவம் இப்போதே நடந்துகொண்டிருந்தால் புகார் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 112-ஐக் கூப்பிடுங்கள். பழைய 100-உம் வேலை செய்யும். பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகள் சம்பந்தப்பட்டதற்கு 1098, ஓடும் ரயிலில் என்றால் 139.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன்பு 1930-ஐ அழைக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை, அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள். அது கையை விட்டுப் போவதற்குள் ஏதாவது ஒரு கணக்கில் முடக்கி வைப்பதுதான் 1930-இன் வேலை. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் தரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு ராத்திரி யோசித்தால் பணம் போனது போனதுதான்.

வீட்டில் திருடு போயிருந்தால் பீரோவை மூடி வைக்க வேண்டும், சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கை பரபரக்கும். எதையும் தொடாதீர்கள். கைரேகை எடுக்க ஆள் வரும், சம்பவ இடத்தைப் பார்த்து, அங்கே இருந்ததை மகஜர் என்கிற குறிப்பாக எழுதுவார்கள். நீங்கள் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

யாராவது அடித்துக் காயமாகியிருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பது இதைத்தான். போலீஸுக்கும் தகவல் போய்விடும். இதில் புதியவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. டாக்டர் மருந்து போடுவதற்கு முன்பே "யார் அடிச்சாங்க, எத்தனை பேரு, எதால அடிச்சாங்க, எங்க வச்சு?" என்று கேட்பார். நீங்கள் சொல்வது அப்படியே பதிவேட்டில் ஏறும். வலியில் "ரெண்டு பேரு கட்டையால அடிச்சாங்க" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் ஸ்டேஷனில் ஐந்து பேர் பெயரை எழுதிக் கொடுத்தால், பின்னால் கோர்ட்டில் எதிர்தரப்பு வக்கீல் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் குறுக்கு விசாரணையை ஆரம்பிப்பார். அதனால் டாக்டரிடம் சொல்லும்போதே நிதானமாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

எந்த ஸ்டேஷன்?

சம்பவம் நடந்த இடம் எந்த எல்லையோ அந்த ஸ்டேஷனில் கொடுத்தால் வேலை சீக்கிரம் நகரும். ஆனால் "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எல்லை எதுவாக இருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று அதன் 173-ஆவது பிரிவு சொல்கிறது. இப்படிப் பதிவதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு. விழுப்புரம் தாண்டி எங்கேயோ பஸ்ஸில் பை பறிபோய், சென்னையில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது என்றால் திரும்ப அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பெண்கள் தங்கள் மீதான பாலியல் குற்றங்களைப் பற்றிப் புகார் கொடுக்கும்போது அதைப் பெண் காவல் அதிகாரிதான் பதிய வேண்டும். குடும்பப் பிரச்சினைகள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஆரம்பித்த ஏற்பாடு இது. அதற்காக மற்ற ஸ்டேஷனில் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட முடியாது. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருந்தால், அதற்கென்றே உள்ள போக்சோ சட்டப்படி வாக்குமூலத்தைக் குழந்தை இருக்கும் இடத்துக்கு வந்து, சீருடை இல்லாமல்தான் வாங்க வேண்டும். குழந்தையை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புகாரை எழுதுவது

வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அங்கே நின்றுகொண்டு, வயர்லெஸ் கத்திக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொரு சண்டை நடந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் கோர்வையாக வராது.

மேலே காவல் ஆய்வாளர், ஸ்டேஷன் பெயர். உங்கள் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, போன் நம்பர், தேதி. அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்கள் "சமூக விரோதியும் கொடூர எண்ணம் படைத்தவருமான மேற்படி நபர்" என்று ஒரு பாராவை வைத்திருப்பார்கள். யாருக்கும் பயன்படாத பாரா அது. இப்படி எழுதினால் போதும்:

"கடந்த 14-ஆம் தேதி இரவு 9.15 மணி அளவில் என் மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலில் சைடு லாக் போட்டு நிறுத்தினேன். மறுநாள் காலை 5.40-க்குப் பால் வாங்க வெளியே வந்தபோது வண்டி இல்லை. அக்கம்பக்கத்தில் தேடியும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் தெருவை நோக்கி ஒரு கேமரா இருக்கிறது. வண்டியின் பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் விவரங்களை இத்துடன் இணைத்துள்ளேன்."

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நேரம் போட வேண்டும். கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், அடுத்தவர் சொன்னதை இன்னார் சொன்னதாகவும், சந்தேகத்தைச் சந்தேகமாகவும் எழுதுங்கள். கோபத்தில் சம்பந்தமில்லாத ஆளின் பெயரைச் சேர்ப்பது நம் ஊரில் ரொம்ப சகஜம். அண்ணன் அடித்தால் தம்பி, அப்பா, மாமா எல்லார் பெயரையும் எழுதுவது. பொய் என்று தெரிந்தே தகவல் கொடுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 217-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த ஒரு பெயரால் மற்ற உண்மைகளும் பலவீனப்பட்டுப் போவது. சட்டப் பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டாம், அது அவர்கள் வேலை.

கடைசி வரியில் கவனம் வேண்டும். "என் பணத்தை வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால் உங்கள் புகார் பஞ்சாயத்துக்கு வந்த மனுவாக மாறிவிடும். எதிர்தரப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள், அவர் தவணை சொல்வார், எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். "வழக்குப் பதிவு செய்து சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியுங்கள்.

போன் தொலைந்தால் ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். வாங்கிய பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். போன் கையில் இருக்கும்போதே நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் திரையில் வரும், இன்றைக்கே குறித்து வையுங்கள். புகார் எண்ணும் மாற்று சிம்மும் கிடைத்ததும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்தப் போனை முடக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் மிரட்டல் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது போதும் என்று உரையாடலை அழித்துவிடாதீர்கள், மூலம் போனில்தான் இருக்கிறது. கேமரா பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து மேலே புதிது பதிவாகும். எதிர்வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், போலீஸ் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எழுதியதைப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும்

வாசலில் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் என்ன விஷயம் என்று கேட்பார். சுருக்கமாக, "வண்டி திருடு போச்சு, புகார் கொடுக்கணும்" என்றால் போதும், கதையை அவரிடம் சொல்லத் தேவையில்லை. வரவேற்பு மேசைக்கோ, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடமோ அனுப்புவார். நகரங்களில் சட்டம் ஒழுங்குக்கும் குற்றப் பிரிவுக்கும் தனித்தனி இன்ஸ்பெக்டர் இருப்பதுண்டு. திருட்டு என்றால் குற்றப் பிரிவு. பெரிய கட்சிக் கூட்டம், திருவிழா, தலைவர் வருகை இருக்கும் நாளில் அவசரமில்லாத புகாரோடு போனால் பாதி ஸ்டேஷன் பந்தோபஸ்துக்குப் போயிருக்கும்.

"அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்பதை எதிர்பார்த்தே போங்கள். இன்ஸ்பெக்டர் இல்லாத நேரத்தில், காவலர் நிலைக்கு மேலே அடுத்த பதவியில் யார் ஸ்டேஷனில் இருக்கிறாரோ அவர்தான் சட்டப்படி நிலையப் பொறுப்பு அதிகாரி. இதைச் சட்டம் பேசுகிற தொனியில் சொன்னால் வேலை கெடும். "பரவாயில்லை சார், எஸ்.ஐ. சார்கிட்ட கொடுத்துட்டு ரசீது வாங்கிட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஆளைச் சமாளிப்பது எந்த அலுவலகத்துக்கும் கஷ்டம்.

ரைட்டர் உங்கள் புகாரைச் சுருக்கி வேறு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்கலாம். படிக்காமல் போடாதீர்கள். தேதி, நேரம், பொருளின் மதிப்பு, ஆட்களின் பெயர் நீங்கள் எழுதியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். 'திருடு போனது' என்பது 'காணாமல் போனது' என்று மாறியிருக்கிறதா என்பதை முக்கியமாகப் பாருங்கள். இந்த ஒரு சொல் மாற்றத்தில் குற்றமே காணாமல் போய்விடும்.

சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?

தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் மனுவை வாங்கியதும் சமுதாயப் பணிப் பதிவேட்டில் ஏற்றி ஒரு ரசீது தருவார்கள். அதுதான் சி.எஸ்.ஆர். மனு வந்து சேர்ந்தது, விசாரிக்கிறோம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் வழக்கு. அதன் நகல் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும், புலன் விசாரணை அதிகாரி என்று ஒருவர் பொறுப்பாவார், முடித்து அறிக்கை தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி சத்தமாகப் பாட்டுப் போடுகிறார், வாசலை அடைத்து வண்டி நிறுத்துகிறார் என்பதற்கெல்லாம் சி.எஸ்.ஆர். போட்டுக் கூப்பிட்டு எச்சரித்தாலே வேலை முடிந்துவிடும். நாளைக்கும் அதே தெருவில்தானே இருக்கப் போகிறோம். நிலத் தகராறு, கடன் பாக்கி போன்றவை சிவில் கோர்ட்டு விவகாரங்கள். அவற்றைப் போலீஸ் தீர்த்துவைக்கும் என்று நம்பிப் போனால் கட்டப்பஞ்சாயத்தில்தான் முடியும். ஆனால் வீடு புகுந்து திருட்டு, செயின் பறிப்பு, ரத்தக் காயம், மோசடி, பாலியல் தொந்தரவு என்றால் சி.எஸ்.ஆரோடு திருப்திப்பட்டுத் திரும்பாதீர்கள். வண்டி திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி கோப்பையே திறக்காது.

பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. புதிய சட்டம் இதில் ஒரு சின்ன இடைவெளி கொடுத்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்குள்ளும் தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். அதனால் "விசாரிச்சிட்டுப் போடறோம்" என்றால் அது எப்போதும் பொய் என்று அர்த்தமில்லை. அந்த 14 நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, பதினைந்தாவது நாள் போய் நில்லுங்கள்.

சின்னத் திருட்டுகளில் இன்னொரு மாற்றம். சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாத குற்றமாக அது ஆகிவிட்டது. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு இது பொருந்தாது. ஆகவே "பழைய போன்தானே சார்" என்று நீங்களே மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள், பில் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

பாஸ்போர்ட், லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம் எங்கோ தொலைந்துவிட்டது, திருட்டு இல்லை என்றால் ஸ்டேஷனுக்கே போக வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். புகாரையும் அதே தளத்தில் அனுப்ப முடியும். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் சட்டப்படி பதிவுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்க மறுத்தால்

சண்டை போடாமல் வெளியே வந்துவிடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனீர்கள், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று உடனே எழுதி வையுங்கள். அடுத்து, அதே புகாரை, மறுத்த விவரத்தையும் சேர்த்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம். தபால் ரசீதும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் பத்திரம். குறைதீர் நாளில் நேரில் போய் மனுவும் கொடுக்கலாம், ஆனால் தபாலில் அனுப்புவதை அதற்காக விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 175(3) பிரிவின் கீழ் மனுப் போடும்போது, எஸ்.பி.க்கு அனுப்பியதைப் பிரமாணப் பத்திரத்தோடு காட்ட வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. காசில்லை என்றால் ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் கிடைப்பார்.

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, ஆள் கடத்தல் போன்ற குற்றங்களில் தகவலைப் பதிய மறுப்பதே குற்றம். பி.என்.எஸ். 199-ஆவது பிரிவின்படி அந்த அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இது மட்டும் ஸ்டேஷனிலேயே பெயர் சொல்லிப் பேச வேண்டிய பிரிவு.

எண் கிடைத்த பிறகு

எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். ஜெராக்ஸ் செலவு, பேப்பர் பண்டல் என்று யாராவது இழுத்தால், இணையத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ரகசியம் காக்க வேண்டிய வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. நகலில் விசாரணை அதிகாரியின் பெயர் இருக்கும், அவருடைய நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்களையும் சாட்சிகளையும் விசாரித்து வாக்குமூலம் எழுதுவார்கள். புகாரில் கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா, இந்த வாக்குமூலத்தில் போடக் கூடாது, சட்டமே வேண்டாம் என்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தக் கட்டத்திலும் கிடையாது. பெண்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ள பையன்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக உடம்பு முடியாதவர்கள் ஆகியோரைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தில் வந்தது. அவர்களாகச் சொல்வார்கள் என்று இருக்காமல், மாதம் ஒருமுறை குற்ற எண்ணைச் சொல்லி விசாரித்து வையுங்கள்.

ஒருநாள் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கலாம். வழக்கை முடிக்கப் போகிறோம் என்பதற்கான அறிவிப்பு அது. பொருண்மைப் பிழை (புகாரில் சொன்ன விஷயம் உண்மையில் அப்படி இல்லை), கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் எழுதியிருக்கும். தேதி போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், வாங்கினால் ஒத்துக்கொண்டதாக ஆகாது. உடன்பாடில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் எதிர்ப்பு மனுப் போடலாம். வண்டி திருட்டில் மட்டும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்பது உங்களுக்குத் தேவையான தாள், இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் கேட்கும்.

பொருள் கிடைத்துவிட்டால் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வர முடியாது. அது கோர்ட்டுச் சொத்துக் கணக்கில் ஏறியிருக்கும். மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, ஆர்.சி. அல்லது பில்லைக் காட்டி, கேட்கும்போது கொண்டுவந்து காட்டுகிறேன் என்று உறுதி எழுதிக் கொடுத்தால் இடைக்காலமாகத் தருவார்கள். வழக்கு முடிகிறவரை அந்த வண்டியை விற்கக் கூடாது, பெயிண்ட் மாற்றக் கூடாது. நகை என்றால் உருக்கக் கூடாது. வீடு மாறினால் விசாரணை அதிகாரியிடம் புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பாமல் இருக்கும்.